ஃபைனலை ராத்திரி வைக்கவா, மூன்றரைக்கு வைக்கவா? குடித்துவிட்டு வருகிற கூட்டத்தை என்னதான் செய்வது

பொங்கல் கால்பந்து டோர்னமென்டுக்கு நோட்டீஸ் அடிக்கிறதற்கு முன்னாலேயே கமிட்டிக் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. போன தடவை நடந்த சலம்பல் இந்தத் தடவை நடக்கக் கூடாது, என்ன செய்யலாம்? ராதாபுரம், திசையன்விளை பக்கத்துக் கடற்கரை ஊர்களில் தொடங்கிப் பாளையங்கோட்டை வரைக்கும், நம்ம சீமையில் பந்து ஆடுகிற ஊர் எதுவானாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். செமி ஃபைனல் வரைக்கும் கூட்டம் கைதட்டும், விசிலடிக்கும், தோற்றால் முனங்கிக்கொண்டே வீட்டுக்குப் போகும். ஃபைனல் அன்றைக்கு மட்டும் உடைமரம் மண்டின உடங்காட்டுக்குள் போய்க் குடித்துவிட்டு வந்த ஒரு கூட்டம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லைன்ஸ்மேனுக்குப் பின்னால் வந்து நிற்கும், அவர் கொடியைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய அம்மாவை இழுக்கும். பிறகு ஒரு வாட்டர் பாக்கெட் பறக்கும். அது ரெஃப்ரி முதுகில் பட்டு உடைந்ததும் நாலு பேர் சிரிப்பார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்புதான் வினை. அடுத்தது பாட்டில்.

இதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். போலீஸைக் கூப்பிடு. சவுக்குக் கம்பு நட்டு வேலி போடு. டாஸ்மாக் லீவு நாளாகப் பார்த்து வை. தகராறு பண்ணுகிற ஊர் டீமைத் தூக்கு. வெளியூர்க்காரனையே விடாதே. ராத்திரி ஆட்டத்தையே நிறுத்திவிடு. எல்லாவற்றையும் செய்ய எந்தக் கமிட்டியிடமும் காசு கிடையாது, ஆளும் கிடையாது. அதனால் எது தேறும், எது தேறாது, எது இருக்கிற நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆட்ட நேரத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. லைட் வெளிச்சத்தில் பந்து பறப்பதைப் பார்ப்பது தனி சுகம், கூட்டமும் இரண்டு மடங்கு வரும், நன்கொடை கொடுத்தவர் பேனர் பளிச்சென்று தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறக்கிறது, ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. எட்டு மணிக்கு ஃபைனல் என்றால், லீவு நாளில் வேறு சோலி இல்லாத ஒருவனுக்கு முழுசாக எட்டு மணி நேரம் கொடுத்து, குடித்து முடித்துவிட்டு வா என்று நாமே சொல்கிற மாதிரிதான். மூன்றரைக்கு வைத்தால் அவனுக்கு மூன்றரை மணி நேரம்தான், அதிலும் மதியச் சாப்பாடு, பயணம் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்காட்லாந்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆட்டம் என்றாலே அடிதடிதான், அந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள், குடிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். மாறாக 2021 ஜூலை 11 அன்று லண்டன் வெம்ப்ளியில் யூரோ ஃபைனல், இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. காலையிலிருந்தே மைதானத்தைச் சுற்றிக் குடித்துக்கொண்டிருந்த கூட்டம் சாயங்காலம் கேட்டை மோதித் தள்ளியது, டிக்கெட் இல்லாமலேயே சுமார் 2,000 பேர் உள்ளே போய்விட்டார்கள் என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. அவ்வளவு போலீஸ், அவ்வளவு கேமரா இருக்கிற ஊரிலேயே அந்தக் கதி.

அப்புறம் இருட்டு. நம்ம மைதானங்களில் நாலு மூலையில் நாலு லைட் நட்டால் ஆடுகிற இடத்தில்தான் வெளிச்சம், பார்க்கிறவன் நிற்கிற இடம் முக்கால்வாசி கும்மிருட்டு. பாட்டில் எறிந்தவன் யார் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் பாதிக் கை நீளுகிறது. பகல் வெளிச்சத்தில் எறிகிறவனை அவன் சித்தப்பா பார்த்துவிடுவார். ஜெனரேட்டர் வாடகை, டீசல், லைட் செட் எல்லாம் மிச்சம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று சட்டம் வேறு இருக்கிறது, எக்ஸ்ட்ரா டைம் போனால் மைக் இல்லாமல்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு, அதுவும் நியாயமானதுதான். மூன்றரைக்கு வெயில். தை மாதத்தில் சமாளித்துவிடலாம், ஆனால் மே மாதக் கோடை டோர்னமென்டில் மூன்றரைக்குப் பையன்களை இறக்கிவிட்டால் பாவம், அங்கே நாலேகாலுக்குக் குறைந்து யோசிக்கவே கூடாது, பாதிக்கு 35 நிமிஷம் என்று ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். காலையிலேயே வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கடை திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், யோசனை பிரமாதம். ஆனால் கடற்கரை ஊரில் ஞாயிறு காலை பூசை இருக்கிறது, மாட்டுப் பொங்கல் காலையில் மாடு இருக்கிற ஊர்க்காரர்கள் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கப் போய்விடுவார்கள், ஏழரை மணிக்கு மைதானத்தில் ரெஃப்ரியும் நாய்களும்தான் நிற்கும்.

அடுத்தது டாஸ்மாக் லீவு நாள். வருஷத்தில் சில நாட்கள் கடை அடைப்பு: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மிலாடி நபி, மகாவீரர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம். இதில் கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு வேண்டியது, ஏனென்றால் திருவள்ளுவர் தினம் தை 2, அதாவது மாட்டுப் பொங்கல். பெரும்பாலான ஊர்களில் மாட்டுப் பொங்கலுக்கு செமி, காணும் பொங்கலுக்கு ஃபைனல் என்று வைக்கிறோம். அதை ஒரு நாள் முன்னால் இழுத்து, ஃபைனலை மாட்டுப் பொங்கலில் வைத்தால் ஒரு பைசா செலவில்லாமல் கடை அடைத்திருக்கும். ஜனவரி 26 அன்றும் அடைப்புதான், ஆனால் அதற்குள் சென்னை, கோயம்புத்தூர், திருப்பூரிலிருந்து வந்தவர்கள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள், மைதானம் காலியாகக் கிடக்கும், நன்கொடை கொடுத்தவர் முகம் சுண்டிப்போகும்.

ஆனால் இதை முழுசாக நம்பி உட்காராதீர்கள். கடை அடைப்பு என்றால் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறவன் வாங்கி வைத்துக்கொள்வான், வாங்காதவன் பிளாக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்குவான். வீட்டில் சரக்கு இருப்பவனுக்குப் பன்னிரண்டு மணிவரை காத்திருக்கிற வேலைகூட இல்லை. இதனால் உண்மையில் கிடைக்கிற லாபம், பாதி ஆட்டத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் இன்னொரு கட்டிங் போட்டுவிட்டு வருகிறவன் குறைவான். அதுவும் லாபம்தான், ஏனென்றால் தகராறு எல்லாமே இரண்டாம் பாதியில்தான். தேதி தோதுப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், தேதிக்காக டோர்னமென்டையே ஒடிக்க வேண்டாம்.

மைதானத்துக்குள் குடிக்கத் தடை என்று போர்டு வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைக்கலாம். இங்கிலாந்தில் 1985-இல் சட்டமே போட்டார்கள்: ஆட்டம் தெரிகிற இடத்தில் நின்று குடிக்கக் கூடாது, மேட்சுக்கு வருகிற பஸ்ஸுக்குள் குடிக்கக் கூடாது, போதையில் உள்ளே நுழையக் கூடாது. ஸ்காட்லாந்தில் 1980 கோப்பை ஃபைனல் முடிந்து இரண்டு பக்கக் கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டதும் ஒட்டுமொத்தமாகவே தடை. ஆனால் இங்கிலாந்தில் என்ன ஆனது என்றால், இருக்கையில் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்க முடியாதவன், பாதி ஆட்ட இடைவேளையில் பின்பக்கம் போய் மடக்கு மடக்கென்று ஊற்றிக்கொண்டு வருகிறான், இந்தச் சட்டத்தையே கீழ்மட்ட லீகில் தளர்த்திப் பார்க்கலாம் என்று 2021-இல் ஒரு அரசுக் குழு பரிந்துரை செய்கிற அளவுக்கு. நம்ம ஊரில் மைதானத்துக்குள் எவனும் குடிப்பதில்லை, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கலந்து கொண்டுவருகிறவன் சிலர் தவிர. எல்லாம் வெளியே முடித்துவிட்டுத்தான் வருகிறான். போர்டு யாருக்கு?

வேலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் கமிட்டிகள் அள்ளிக் கொட்டுகின்றன. சுற்றிலும் சவுக்குக் கம்பு, குறுக்கே மூங்கில், கூட்டம் உள்ளே வராது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்துக்காரனும் அப்படித்தான் நினைத்தான், மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டான். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் பின்னாலிருந்து கூட்டம் உள்ளே வந்துகொண்டே இருக்க, முன்னால் நின்றவர்கள் வேலியோடு வேலியாக நசுங்கினார்கள். செத்தது மொத்தம் 97 பேர். அன்றைக்கே போலீஸ் தரப்பில் பரப்பிய கதை என்ன தெரியுமா? குடித்துவிட்டு வந்த ரசிகர்களால் வந்த வினை என்பதுதான். அது பொய் என்று அந்த வருஷமே விசாரணை அறிக்கை சொல்லிவிட்டது, ஆனாலும் செத்தவர்களின் குடும்பங்கள் 2016 வரைக்கும் கோர்ட் வாசலில் நின்று, ரசிகர்கள் மீது தப்பில்லை என்று தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எது நடந்தாலும் “குடிகாரப் பயலுவ செஞ்ச வேலை” என்று சொல்லிவிட்டால் கமிட்டி தப்பித்துவிடும். ஒரே ஒரு வழி வைத்தது யார், வேனை அந்த வழியிலேயே நிறுத்தச் சொன்னது யார், ஆட்டத்தை ஒரு மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேலிக்குப் பதில் கோட்டிலிருந்து நாலடி தள்ளி ஒரு கயிறு கட்டினால் போதும். தற்காலிக கேலரி கட்டுகிற ஆசை இருந்தால் அதையும் யோசியுங்கள், 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் வண்டூர் பக்கம், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் கேலரி அப்படியே சாய்ந்து ஏராளமானவர்களுக்குக் காயம். அங்கே குடியும் இல்லை, சண்டையும் இல்லை, கூட்டம் மட்டும்தான் அதிகம்.

போலீஸ்? மனு கொடுத்து அனுமதி வாங்கியே ஆக வேண்டும், அது வேறு. ஆனால் பொங்கல் நேரத்தில் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இரண்டு போலீஸ்காரர் வந்தால் பெரிய விஷயம், அவர்களும் தொடக்க விழாவுக்குச் சால்வை வாங்கிவிட்டு வேறு பந்தோபஸ்துக்கு ஓடுவார்கள். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் பழைய இ.பி.கோ. 510-இல் அதிகபட்சம் 24 மணி நேரம் உள்ளே, அல்லது பத்து ரூபாய் அபராதம். 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 355-ஆவது பிரிவு, அபராதம் ஆயிரம் ரூபாய்வரை, சமூக சேவை செய்யச் சொல்லவும் வழி உண்டு. சட்டம் இருக்கிறது, ஆனால் ஃபைனல் நடுவில் ஒரு ஊர்க்காரனை மட்டும் ஜீப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தைப் பார்த்துப் பயந்த போலீஸ் இன்னும் ஆபத்து. 1964-இல் பெரு நாட்டின் லிமாவில், 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில், இரண்டு இடத்திலும் கண்ணீர்ப்புகை போட்டுக் கூட்டம் கேட்டுப் பக்கம் ஓடி, திறக்காத, குறுகின வாசல்களில் நசுங்கிச் செத்தது. லிமாவில் 300-க்கும் மேல், கஞ்சுருஹானில் 135 பேர். கஞ்சுருஹான் சங்கதியில் நம்ம தலைப்புக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ராத்திரி எட்டு மணி ஆட்டத்தைப் பகல் மூன்றரைக்கு மாற்றுங்கள் என்று போலீஸே எழுதிக் கேட்டது, லீக் நடத்துகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். எதிரணி ரசிகர்கள் ஒருத்தரையும் அன்றைக்கு உள்ளே விடவில்லை, குடியும் ஒரு காரணமாகப் பேசப்படவில்லை. அப்படியும் நடந்தது. வெளியூர்க்காரனை விடாதே என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அர்ஜென்டினாவில் 2013-லிருந்து வெளியூர் ரசிகர்களுக்குத் தடை போட்டுப் பார்த்தார்கள், உள்ளூர்க் கோஷ்டிகளுக்குள்ளேயே சண்டை தொடர்ந்தது. நமக்கு அந்த யோசனை சுத்தமாகச் சரிப்படாது. பாதிப் பேருக்கு எதிர் ஊர்தான் பெண் எடுத்த ஊர். மச்சினனை வாசலில் நிறுத்தி நீ வெளியூர் என்று யார் சொல்வது?

ஆனால் பிரித்து நிறுத்தலாம், நிறுத்தியே ஆக வேண்டும். 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் இரண்டு பேர் மைதானத்தில் முட்டிக்கொண்டார்கள், இரண்டு கிளப் ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்ததால் மேலே அடிதடி, நெரிசல், 16 பேர் போனார்கள். நம்ம அளவுக்கு இதற்குச் செலவே கிடையாது. ஒரு கோல் போஸ்ட் பக்கம் இந்த ஊர், அந்தப் போஸ்ட் பக்கம் அந்த ஊர், நடுவில் பொதுவானவர்கள். வேன் நிறுத்துகிற இடமும் வேறு வேறு. ஆட்டம் முடிந்ததும் வெளியூர் வேன் முதலில் கிளம்பிவிட வேண்டும், பரிசு வாங்க ஆடினவர்களும் ஒரு சின்ன வண்டியும் போதும்.

தகராறு செய்கிற ஊர் டீமை நீக்குவது, அதாவது ரசிகன் செய்ததற்கு டீமுக்குத் தண்டனை, இதைத்தான் பலர் அநியாயம் என்கிறார்கள். அநியாயம்தான், ஆனால் வேலை செய்கிறது. 1985 மே 29 அன்று பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் எதிரணிக் கூட்டத்தின் மேல் பாய்ந்து 39 பேர் செத்த பிறகு இங்கிலாந்து கிளப்புகளை ஐந்து வருஷம் ஐரோப்பியப் போட்டிகளில் சேர்க்கவில்லை. இங்கே 2012 டிசம்பரில் கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் கூட்டத்திலிருந்து வந்த கல் மோகன் பகான் ஆட்டக்காரர் ரஹீம் நபி முகத்தில் பட்டது, மோகன் பகான் இரண்டாம் பாதி ஆட மறுத்தது, ஆட மறுத்ததற்காக இரண்டு வருஷத் தடை வந்து, பிறகு அது 2 கோடி ரூபாய் அபராதமாகக் குறைந்தது. கல் பட்ட அணிக்கே தண்டனை, வேடிக்கையைப் பாருங்கள்.

நம்ம ஊரில் டீமை நடுவில் நீக்கினால் அது டீமோடு நிற்காது. அந்தத் தெருவையே அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்று ஆகும், தெரு என்றால் என்ன என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் நீக்குவதைவிட டெபாசிட் நல்லது. நுழைவுக் கட்டணத்தோடு எல்லா டீமும் ஒரே தொகை கட்டட்டும், ஆட்கள் ஒழுங்காக இருந்தால் ஃபைனல் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். காசு போகிறது என்றால் கேப்டனே லைனுக்கு ஓடிப்போய் “ஏலே, வாய மூடிட்டு நில்லு, டெபாசிட்டு போயிரும்” என்று கத்துவான். அவன் சொன்னால் கேட்பான், நாம் சொன்னால் கேட்க மாட்டான். ஒரே ஓட்டை, எதிரணிக்காரன் வேண்டுமென்றே இந்தப் பக்கம் வந்து பாட்டிலை வீசிவிட்டு ஓடலாம். அதற்கும் பிரித்து நிறுத்துவதும் பகல் வெளிச்சமும்தான் மருந்து.

துருக்கியில் 2011 செப்டம்பரில் ஃபெனர்பாச்சே கிளப்புக்குக் கூட்டமில்லாமல் ஆடுகிற தண்டனை வந்தபோது, ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களையும் சின்னப் பிள்ளைகளையும் மட்டும் இலவசமாக விட்டார்கள், நாற்பதாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். இங்கே ராத்திரி ஆட்டத்துக்குப் பெண்கள் வருவதே கிடையாது, வந்தாலும் மச்சி வீட்டு மாடியில் நின்று பார்ப்பார்கள். பகலில் வைத்து, முன்வரிசையில் நாற்காலியும் ஒரு கழிப்பறை வசதியும் செய்தால் வருவார்கள். ஆனால் அத்தை, சித்தி இருக்கிற பக்கம் எவனும் கெட்ட வார்த்தை பேச மாட்டான் என்று அவர்களைக் கேடயமாக நிறுத்தாதீர்கள். பந்து பார்க்கத்தான் அவர்களும் வருகிறார்கள்.

ஆட்கள் விஷயம். கமிட்டி டி-சர்ட் போட்ட இளவட்டங்களை லைனில் நிறுத்தினால் பாதிப் பேர் அவர்களே ஒரு ரவுண்டு முடித்துவிட்டுத்தான் நிற்பார்கள். பழைய ஆட்டக்காரர்களில் நாலு தெருவுக்கும் பொதுவான நாலு அண்ணாச்சிமார் போதும். ஒருமுறை ஒரு அண்ணாச்சி செய்ததைப் பார்த்தேன். ரெஃப்ரியை அடிக்கப் போகிறேன் என்று கயிற்றைத் தாண்டினவனை அவர் பிடித்துத் தள்ளவில்லை, தோளில் கை போட்டார். “மக்கா, உங்கப்பா ஸ்டாப்பர் பேக் ஆடும்போது நான் கோலி. ஆஃப்சைடே கிடையாதுல, நானும் பாத்தேன். வா, ஒரு டீயப் போட்டுட்டு வந்து ரெண்டு பேருமா கேப்போம்.” அவன் முறைத்தான், “நீங்க சொன்னதால போறேன் அண்ணாச்சி” என்றான், போய்விட்டான். திரும்பி வரும்போது மூன்றாவது கோல் விழுந்திருந்தது, ஆஃப்சைடு மறந்துபோயிருந்தது. ரெஃப்ரி அந்த ஆஃப்சைடைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார், அது வேறு கதை.

மைக்காரரையும் கட்டிப்போட வேண்டும். குடித்தவனைவிட அதிகமாகக் கூட்டத்தைச் சூடேற்றுவது அவர்தான், சிங்கம் புலி என்று ஊர்ப்பேரைச் சொல்லி உசுப்பிவிட்டு இடைவேளையில் ஒரு சாதிப் பாட்டைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த அண்ணாச்சியாலும் ஒன்றும் செய்ய முடியாது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையனை வீடு புகுந்து வெட்டின பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கூடத்தில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரை செய்தது. நம்ம டோர்னமென்டிலும் ஜெர்ஸி கலரும் டீம் பெயரும் எதைக் குறிக்கிறது என்று பதிவு செய்யும்போதே பார்த்து, மாற்றச் சொல்ல வேண்டியதை அப்போதே மாற்றச் சொல்லிவிடுவது நல்லது. போதை உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். உள்ளே போட்டு வைப்பது இந்த மாதிரி சங்கதிகள்.

ஆக, என் வரிசை: நேரம், பிரித்து நிறுத்துவது, டெபாசிட், அண்ணாச்சிமார். தேதி தோதுப்பட்டால் மாட்டுப் பொங்கல். வேலிக்கும் லைட்டுக்கும் வைத்திருக்கிற காசை நாற்காலிக்கும் முதலுதவிக்கும் திருப்பலாம்.

இதில் முதல் விஷயம் ஒரே ஒரு ஆளால் கெட்டுப்போகும், அவர் குடிகாரர் இல்லை, சிறப்பு விருந்தினர். மூன்றரைக்கு ஆரம்பித்தால் ஐந்தேகாலுக்கு மேல் முடியும், எக்ஸ்ட்ரா டைம் போனால் ஆறு, பெனால்டி ஷூட் அவுட் ஆறு பத்து. தை மாதத்தில் ஆறேகால் தாண்டினால் பொழுது அடைந்துவிடும், லைட் வேறு வைக்கவில்லை. அவருக்காக ஒரு மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தி வைத்தால், அந்த ஒரு மணி நேரம் கூட்டம் உடங்காட்டில்தான் இருக்கும், கடைசிக் கோல் இருட்டில்தான் விழும். அதனால் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போடுங்கள்: “இறுதி ஆட்டம் மாலை 3.30-க்குத் தொடங்கும். சிறப்பு விருந்தினர் பரிசளிப்புக்கு 5.30-க்கு வருகை தருவார்.” ஆட்டக்காரர்களுக்கு அவர் கைகொடுக்கிற போட்டோவை இடைவேளையிலோ கடைசியிலோ எடுத்துக்கொள்ளலாம் என்று, நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.